அம்மம்மாவின் வீடு, இரண்டாம் முறை

முந்தநாள் பதிவுக்குக் கீழே வந்தவற்றை எல்லாம் வாசித்தேன். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஒரு அண்ணை எழுதியது மட்டும் நெஞ்சுக்குள் நிற்கிறது. "தம்பி, களவெடுக்கிற அளவுக்கு இருக்கெண்டா உன்ர வேலை திறமெண்டுதானே அர்த்தம். நாலு டொலர் சாமானுக்கு ஏன் இப்பிடி அந்தரப்படுறாய்?" அதற்கு நாற்பது லைக். அதில் பாதிப் பேர் எனக்கு நேரே தெரிந்தவர்கள். அதனால்தான் திரும்பவும் எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். கணனித் திரைக்குள் நடந்து திரியக்கூடிய ஒரு மெய்நிகர் உலகத்துக்கு நான் செய்த நாற்சார் வீட்டை ஒருவர் அப்படியே பிரதி எடுத்து, ஓட்டின் நிறத்தை மட்டும் மாற்றி, 'ட்ரொப்பிக்கல் வில்லா' என்று பெயர் வைத்து அதே உலகத்தில் விற்றார். அதை நடத்துகிற தளத்துக்கு முறைப்பாடு செய்தேன், மூன்று நாளில் அவருடையதை எடுத்தார்கள். போன செவ்வாய்க்கிழமை அவர் எதிர் அறிவித்தல் அனுப்பியிருக்கிறார், அது தன் சொந்த வேலையாம்.

அது என்ன வீடு என்று சொல்லுகிறேன். மயிலிட்டியில் இருந்த எங்கள் அம்மம்மாவின் வீடு. 1990இல் விட்டுவிட்டு ஓடியது. 2017இல் இராணுவம் அந்தப் பக்கம் ஒரு பகுதியை விட்டபோது போய்ப் பார்த்தோம், அத்திவாரமும் கிணற்றுக் கட்டும்தான் மிச்சம். அம்மாவின் சாமத்தியவீட்டு அல்பத்தில் இருந்த பதினொரு படங்களையும் அம்மாவின் ஞாபகத்தையும் வைத்து, ஏழு மாதம் இரவிரவாக இருந்து பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கட்டினேன். தலைவாசல் நிலையில் மாமாமாரின் உயரத்தைக் குறித்த கோடுகள் இருந்ததாம், ஆக மேலே இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் '89' என்று எழுதியிருந்ததாம். அம்மாவிடம் ஒரு கடதாசியைக் கொடுத்து அந்த 89ஐ எழுதச் சொன்னேன். அதை ஸ்கேன் பண்ணித்தான் நிலையில் ஒட்டினேன். அம்மா ஒன்பதின் வாலை உள்ளே வளைத்து எழுதுவார்.

'ட்ரொப்பிக்கல் வில்லா'வின் நிலையிலும் அந்த 89 இருக்கிறது, வால் உள்ளே வளைந்தபடி. இது தன் சொந்த வேலை என்று சட்டபூர்வமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் அந்த மனிதர்.

இதில் என் உரிமை எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, இருக்கிறது. பதிப்புரிமைக்காக நாடுகள் 1886இல் எழுதிய பேர்ண் உடன்படிக்கையில் இலங்கை 1959இலேயே சேர்ந்துவிட்டது. நான் எங்கும் பதியாமலேயே என் படைப்பு அதில் சேர்ந்த நாடுகள் எல்லாவற்றிலும் எனக்குரியது. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. உரிமை கடல் தாண்டிப் போகிறது. அதைக் கேட்கப் போகிற வாசல்தான் இல்லை.

அந்தத் தளம் அமெரிக்காவில் இருக்கிறது, ஆகவே 1998இல் வந்த டி.எம்.சி.ஏ. என்ற அந்நாட்டு இணையப் பதிப்புரிமைச் சட்டப்படி நடக்கிறது. எதிர் அறிவித்தல் வந்தால், பத்து முதல் பதினான்கு வேலை நாட்களுக்குள் பொருளைத் திரும்ப வைக்க வேண்டும். அதை நிறுத்த ஒரே வழி, நான் நீதிமன்றத்துக்குப் போய்விட்டேன் என்று காட்டுவது. எதிர் அறிவித்தல் அனுப்புகிற வெளிநாட்டுக்காரர் அமெரிக்க நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இவரும் கொடுத்திருக்கிறார். நான் யாழ்ப்பாணத்தில், அவர் ஐரோப்பாவில், வழக்கு கலிபோர்னியாவில். வழக்குப் பதியும் கட்டணம் மட்டும் 405 டொலர். எங்கள் காசில் ஒரு லட்சத்துக்கு மேலே, சட்டத்தரணிக்குக் கொடுப்பது வேறு. வெளிநாட்டுப் படைப்பென்றால் அங்கே பதியாமலும் வழக்குப் போடலாம். ஆனால் களவுக்கு முதலே பதிந்திருக்காவிட்டால் சட்டம் குறித்து வைத்த நட்ட ஈடும் இல்லை, வழக்குச் செலவும் திரும்பி வராது. உண்மையான நட்டத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். நாலு டொலர், நாலு டொலராகக் கூட்டிக் காட்ட வேண்டும்.

சின்ன வழக்குகளுக்கென்று 2022இல் அங்கே ஒரு சபை தொடங்கினார்கள். 30,000 டொலர் வரைக்கும் விசாரிக்கும், சட்டத்தரணி தேவையில்லை. ஆசையாய் வாசித்துக்கொண்டு போனால், எதிராளி அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டுமாம். சரி, இங்கேயே கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகிறேன் என்று வையுங்கள். அந்தக் கட்டளையை ஐரோப்பாவில் இருக்கிற ஒருவர் ஏன் மதிக்கப் போகிறார்?

இது எனக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகம் 2003இல், செய்தவருக்கே உரிமை என்று அறிவித்தது. 2006இல் கொப்பிபொட் என்ற மென்பொருள் வந்து கண்ட பொருளை எல்லாம் பிரதி எடுக்கத் தொடங்கியதும் பலர் கடையைப் பூட்டிப் போராடினார்கள். அடுத்த வருடம் ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. போட்டவர் ஃபுளோரிடா, போடப்பட்டவர் டெக்சஸ். இரண்டும் ஒரே நாட்டுக்குள். அதனால்தான் அதற்கு ஒரு வாசல் இருந்தது.

இனி, உங்கள் கேள்விகள். "யாழ்ப்பாணத்தில எல்லாரும் கள்ள சீடி போட்டுத்தானே படிச்சனாங்கள்?" என்கிறார் ஒருவர். ஓம், நானும் பாவித்தேன், அது பிழை. இன்றைக்கு என் கணனியில் அப்படி ஒன்றும் இல்லை. அப்போதும் நான் யாருடைய பெயரையும் அழித்து என் பெயரைப் போட்டு விற்கவில்லை.

"நாற்சார் வீடு எங்கட பொதுச் சொத்து, அதுக்கு நீ எப்பிடி உரிமை கொண்டாடுவாய்?" இது நியாயமான கேள்வி. நாற்சார் வீடு எல்லாருக்கும் சொந்தம். நடு முற்றமும் திண்ணையும் ஓடும் வைத்து நீங்களும் ஒன்று கட்டுங்கள், நானே உதவி செய்கிறேன், அளவுகளும் தருகிறேன். போன வருடம் இரண்டு பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தேன். நான் கேட்பது நான் வைத்த கோடுகளை, நான் நிறம் பிடித்த காரை பெயர்ந்த சுவரை. என் அம்மாவின் ஒன்பதை.

எதிர் அறிவித்தல் இல்லாவிட்டால் பெரிய நிறுவனங்கள் பொய் முறைப்பாட்டால் சின்ன ஆட்களை நசுக்கும் என்றும் ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். உண்மை, அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு பக்கத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல யாராவது வேண்டும்தானே? இணையத் தளப் பெயர்ச் சண்டைக்கு 1999இல் இருந்து அப்படி ஒரு முறை இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள உலகப் புலமைச் சொத்து அமைப்பு, எந்த நாட்டவர் என்றாலும், கடிதத்தையும் ஆதாரத்தையும் பார்த்தே தீர்க்கிறது. அங்கே ஆகக் குறைந்த கட்டணம் 1,500 டொலர், எங்களுக்குக் கட்டாது. ஆனாலும் பெயருக்குச் செய்ய முடிந்ததை வீட்டுக்கு ஏன் செய்ய முடியாது? தளம் ஒவ்வொரு விற்பனையிலும் தன் பங்கை எடுக்கிறதே.

அண்ணை, நாலு டொலர் என்றீர்கள். அம்மம்மா காணி உறுதியை ஒரு சொப்பிங் பாக்கில் சுற்றி வைத்திருந்தார். 95 இடப்பெயர்விலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் சாவகச்சேரிக்கு நடந்தார். உறுதி முழுக்க அவருடைய பெயர். எல்லாரும் சொன்னார்கள், உங்கட காணிதான் ஆச்சி, ஆரும் மறுக்கேல்லை எண்டு. ஆனால் உள்ளே போக விடவில்லை. காணி விடுபட ஆறு வருடத்துக்கு முதல், 2011இல், வாடகை வீட்டில்தான் செத்தார். தளத்திடம் இருந்து எனக்கு வந்த மின்னஞ்சலிலும் அதே கதைதான் இருக்கிறது. உங்கள் உரிமையை நாங்கள் மறுக்கவில்லை, வழக்கு இலக்கத்தை அனுப்புங்கள் என்று.

அம்மாவுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பின்னேரங்களில் வந்து பக்கத்தில் இருந்து, "முற்றத்துக்குப் போ, கிணத்தடிக்குப் போ" என்பார். நான் அம்மாவை அந்தத் திரையில் கூட்டிக்கொண்டு போவேன். தலைவாசலில் நிற்கச் சொல்லி நிலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கலிபோர்னியாவில் பதிப்புரிமை வழக்கு எடுக்கிற சட்டத்தரணி யாரையாவது தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு எழுதுங்கள். என்னிடம் பிளெண்டர் கோப்புகள் திகதியோடு இருக்கின்றன, ஸ்கேன் பண்ணின கடதாசி இருக்கிறது, அல்பம் இருக்கிறது. பத்து வேலை நாளில் இன்றோடு நாலு போய்விட்டது.