அந்தப் படத்தை நான் அழிக்கப் போவதில்லை

மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் மூத்தவள் பள்ளிக்கூடத்தால் வந்து, "அம்மா, அப்பாவைப் பற்றி என்னவோ எழுதியிருக்கினமாம், உண்மையோ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

விசயம் உங்களுக்குத் தெரியும். படத்தையும் பார்த்திருப்பீர்கள். மாலைதீவில் போய் இறங்கிய முதல் நாள், இவர் முழங்கால் அளவு தண்ணீரில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். முகம்கூட முழுதாகத் தெரியாது. இணையத்தில் நான் போட்டிருந்த அந்தப் படத்தை எடுத்துத் தன்னுடைய பக்கத்தில் போட்டு, "முள்ளிவாய்க்கால் சனத்துக்கு இப்ப மாலைதீவு கேக்குது" என்று ஒருவர் எழுதினார். கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக. சிரித்தவர்களில் மூன்று பேர் எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள்.

நாங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புருசனும் பெண்சாதியும் உழைத்த காசில் நான்கு நாள் ஒரு இடத்துக்குப் போய் வந்தோம், அவ்வளவுதான்.

2011இல் கலியாணம் கட்டினோம். தறப்பாள் கொட்டிலில் தொடங்கிய வீடு. இவருக்கு மேசன் வேலை, நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபோர்ம் தைக்கிறேன். இருபது பேர் சேர்ந்த சீட்டு, மாதம் 15,000 ரூபாய். எங்கள் முறை வந்தபோது இவர் மதில் கட்டுவோம் என்றார். நான்தான் போவோம் என்று நின்றேன். யாராவது ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள், அந்த மனுசனை விடுங்கள்.

பை அடுக்கிய இரவைச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், டோர்ச் லைட், மெழுகுதிரி, தீப்பெட்டி, பனடோல், பிஸ்கட் என்று எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தேன். இவர் பார்த்துவிட்டு, "இஞ்சாருமப்பா, காணி உறுதி எதுக்கு?" என்று கேட்டார். கையில் எடுத்துப் பார்த்தேன். உண்மையாகவே காணி உறுதியையும் வைத்திருக்கிறேன். எப்படி வைத்தேன் என்று எனக்கே தெரியாது. பரந்தன், தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, புதுமாத்தளன் என்று ஓடி, பிறகு முகாம். என் கைக்குத் தெரிந்த பை அடுக்கல் அதுதான். ஒரு காலத்தில் வன்னியை விட்டு வெளியே போகவே பாஸ் வேண்டும். திரும்பி வருவதற்காக நான் அடுக்கிய முதல் பை இது. அதில் நான்கு உடுப்பு வைப்பதற்கு எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது.

ஏ9 வீதியால் இரவு பஸ், விடியக் கட்டுநாயக்க, அங்கிருந்து ஒன்றரை மணித்தியாலப் பறப்பு. இறங்கியதும் 30 நாள் விசாவை இலவசமாகக் கடவுச்சீட்டில் குத்தித் தந்தார்கள். மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினோம். விமான நிலையமே தனியாக ஒரு தீவு. வாசலைத் தாண்டினால் துறை, படகுகள் கட்டி நிற்கின்றன. விரைவுப் படகில் மாஃபூஷி என்கிற ஊர்த்தீவுக்குப் போனோம்.

சினிமாவில் வருகிற, தண்ணீருக்கு மேல் கட்டிய மரவீட்டில் நாங்கள் படுக்கவில்லை. அந்த நாட்டில் ஏறக்குறைய 1,200 தீவுகள். சனம் குடியிருப்பது 200க்கும் குறைவான தீவுகளில். உல்லாச விடுதிகளுக்குத் தனித் தீவுகள், அவை எங்களுக்கு எட்டாது. நாங்கள் நின்றது பள்ளிவாசல், பள்ளிக்கூடம், பலசரக்குக் கடை எல்லாம் உள்ள ஊரில், ஒரு மாடி வீட்டு அறையில். அங்கே மதுவும் இல்லை, சட்டம் விடாது. "குடிச்சுக் கூத்தடிக்கப் போனவை" என்று எழுதிய தம்பி இதையாவது கேட்டுத் தெரிந்திருக்கலாம்.

போனதும் சாப்பிடத் தந்தது ரொட்டியும், சூரை மீனோடு தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்த ஒன்றும். மாஸ் ஹூனி என்றார்கள். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மான்ரை மாசிச் சம்பல்" என்றார். அவ்வளவு தூரம் போய் முதல் வாயிலேயே மாமியின் அடுப்படி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி அந்தப் படம்.

இவர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். தகப்பன் வள்ளம் வைத்திருந்தவர். நடக்கப் பழகிய நாளிலிருந்து கரைவலைக் கயிறு பிடித்த பிள்ளை. 2004 மார்கழி 26 ஆழிப்பேரலை அவர்களின் வாடியையும் வள்ளத்தையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் கடலுக்குப் போனார். 2009 சித்திரையில் மாத்தளன் கரை மணலில் தங்கச்சியைத் தன் கையால் புதைத்தார். அன்றிலிருந்து இவர் கடலில் கால் வைக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனால் மோட்டார் சைக்கிளோடு மரநிழலில் நின்றுகொள்வார். தண்ணீர்ப் பக்கம் திரும்ப மாட்டார். நான் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

அன்று பின்னேரம் நான்கு மணியிலிருந்து அந்தக் கரையில் நின்றோம். சனம் குளிக்கிறது, சின்னப் பிள்ளைகள் ஓடுகின்றன. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். "இஞ்சை அலை இல்லையே?" என்று கேட்டார். தூரத்தில் முருகைக்கற்பாறை வட்டமாக ஓடுகிறது. அலை அங்கேயே உடைந்து வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. உள்ளே தண்ணீர் காற்றில்லாத நாளில் இரணைமடுக் குளம் நிற்பதுபோல நிற்கிறது. எங்கள் பக்கம் தையிலும் வாடைக்கடல் அடங்காது. கரையோடு சாய்த்து அடிக்கும்.

பொழுதுபடுகிற நேரம், "கால் கழுவிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கணுக்கால், பிறகு முழங்கால். அப்படியே நின்றார். நான் கூப்பிடவில்லை. போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். அதுதான் அது.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"முல்லைத்தீவிலை கடல் இல்லையோ?" என்று கேட்டவர்களுக்கு மேலே எழுதியதே பதில். எங்கள் கடல் எங்களுக்குத் தொழிலிடமும் இழவு வீடும். கடைசிச் சண்டை நடந்த நந்திக்கடலையும் வட்டுவாகலையும் கடக்கும்போது பஸ்ஸில் கதைத்துக்கொண்டிருப்பவர்களும் கதையை நிறுத்துகிறார்கள். நீங்கள் அதால் போயிருந்தால் கவனித்திருப்பீர்கள். அங்கே சும்மா காலை நனைத்துக்கொண்டிரு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? யாரையும் தெரியாத, எதுவும் நடக்காத ஒரு தண்ணீர் அவருக்குத் தேவைப்பட்டது. மாலைதீவையும் 2004இல் அதே அலை அடித்தது, எனக்குத் தெரியும். அங்கே இயற்கையான நிலத்தில் மிக உயரமானதே இரண்டரை மீற்றர் வராது. அந்தச் சனமும் ஓட மேடில்லாமல் நின்ற சனம்தான். ஆனால் எங்கள் ஆட்களை அந்த மணலில் நாங்கள் புதைக்கவில்லை.

என் உடுப்பைப் பற்றி எழுதியவர்களுக்கு: நான் சல்வாரோடுதான் கடலில் இறங்கினேன். சல்வார் இல்லாமல் இறங்கியிருந்தாலும் உங்களுக்கு நான் கணக்குக் காட்டத் தேவையில்லை.

"ஊரிலை பெண்கள் நுண்கடன் கட்ட முடியாமல் நிக்கினம், நீங்கள் பிளேன் ஏறுறியளோ?" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அது குத்தியது. அதில் நியாயம் இருக்கிறது. என்னிடம் தைக்க வருகிறவர்களே அந்தக் கடனில் நிற்கிறார்கள், கூலியைத் தவணையில்தான் தருகிறார்கள். படம் போட்டபோது அவர்களை நான் நினைக்கவில்லை. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா, மதில் கட்டியிருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். சாமத்தியவீட்டுக்குப் பந்தலும் வீடியோவும் பிடித்திருந்தால் வந்து பலகாரம் சாப்பிட்டுப் போயிருப்பீர்கள். நாங்கள் இருவரும் பேசாமல் ஒரு கரையில் இருந்ததுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து எழுதியவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஆவணியும் வருகிறீர்கள். பாசிக்குடா, எல்ல, நுவரெலியா எல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் எங்களிடம் வருகிறீர்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று படம் எடுத்து "வலி சுமந்த மண்" என்று போடுகிறீர்கள். நான் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். உங்களுக்கு விடுமுறை இருக்கிறது, எங்களுக்கு வலி மட்டும்தான் இருக்க வேண்டுமா? நாங்கள் எப்போதும் கஞ்சிச் சிரட்டையோடுதான் உங்கள் கண்ணில் பட வேண்டுமா? போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த அந்தக் கஞ்சியை, செத்தவர்களை நினைக்கிற வைகாசி 18இல் வருடா வருடம் நாங்கள்தான் காய்ச்சுகிறோம். மழையிலும் வெயிலிலும் நாங்கள்தான் வரிசையில் நிற்கிறோம். எங்களுக்கு மறதி வந்துவிட்டது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரை இழுத்தவர்களுக்கு ஒன்று. 2017 மாசி 20 கிளிநொச்சியில் அந்தப் போராட்டம் தொடங்கியபோது போய் இருந்தவர்களில் என் மாமியும் ஒருவர். மூத்த மகனின் படம் மடியில். இன்றும் முடிந்த நாளெல்லாம் போகிறா. அந்த மாமிதான் எங்கள் பிள்ளைகள் இரண்டையும் நான்கு நாள் வைத்துப் பார்த்தவ. வெளிக்கிடும்போது திருநீறு பூசிவிட்டு, "வரேக்கை நல்ல மாசிக் கட்டி ரெண்டு கொண்டு வாங்கோ" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்கவும் இல்லை.

முதல் நாள் இரவு இவர் விடியும்வரை படுத்தார். வீட்டில் அப்படி இல்லை. இரண்டு மணிக்கு எழும்பி வாசல் கதவுக் கொளுக்கியைப் பார்ப்பார், பிள்ளைகளைப் பார்ப்பார், பிறகு முற்றத்தில் போய் இருப்பார். அங்கே நான் எழும்பிப் பார்த்தபோது வாயைத் திறந்துகொண்டு நித்திரை. மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன்.

அந்தப் படத்தை எடுத்துவிடு என்று நல்ல எண்ணத்தில் சொன்ன உறவினர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன். எடுக்கப் போவதில்லை. மாமி அதைப் பார்த்துவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, இவரின் கால் எவ்வளவு தூரம் தண்ணீருக்குள் இருக்கிறது என்று கேட்டா. முழங்கால்வரை என்றேன். தனக்கு ஒன்று பெரிதாக அடித்துத் தரச் சொன்னா. கிளிநொச்சியில் கொடுத்திருக்கிறேன், சட்டத்தோடு திங்கட்கிழமை தருவார்களாம்.