நிகூலினின் முகத்தைப் பிடித்துக்கொண்டு

பழைய ரஷ்யப் படங்கள் பார்க்க ஆசை, எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் போதும். ஐசன்ஸ்டீனின் 'பொட்டெம்கின்', தார்க்கோவ்ஸ்கியின் நாலைந்து படங்கள், கடைசியில் எலெம் கிளிமோவின் 'வந்து பார்'. நம் சினிமா நண்பர்கள் எல்லோரும் நீட்டுவது இதே பட்டியலைத்தான். எல்லாம் மகத்தான படங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். ரஷ்யர்கள் என்றாலே மழையில் நனைந்தபடி வாய் திறக்காமல் நிற்கும் மனிதர்கள் என்ற எண்ணம்தான் அவர்களிடம் தங்கியிருக்கும். அந்த மக்கள் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வீடு திரும்பிய படங்கள் பட்டியலில் ஏறுவதே இல்லை. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

நான் சொல்லும் வழி வேறு. இயக்குநர்களை விடுங்கள். ஒரே ஒரு நடிகரைப் பிடித்துக்கொண்டு போங்கள். யூரி நிகூலின்.

அவரை நான் முதலில் பார்த்தது தார்க்கோவ்ஸ்கியின் 'ஆந்த்ரேய் ருப்லேவ்' படத்தில். அப்போது பெயர்கூடத் தெரியாது. தாத்தார் படையினர் விளாதிமிர் நகரைச் சூறையாடுகிறார்கள். தேவாலயத்துத் தங்கத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று பத்ரிக்கேய் என்ற துறவியைச் சித்திரவதை செய்கிறார்கள். அவர் சொல்வதாக இல்லை. கடைசியில் உலோகத்தைக் காய்ச்சி வாயில் ஊற்றி, குதிரையில் கட்டி இழுத்துப் போகிறார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1966-லேயே எடுத்து முடித்த அந்தப் படம் சோவியத் நாட்டில் வெளியானது 1971-ல்தான்.

அப்புறம் ரொம்ப நாள் கழித்து, தற்செயலாக, லியோனித் கைதாய் இயக்கிய 'வைரக் கை' பார்த்தேன். 1969-ல் வந்த நகைச்சுவைப் படம். கோர்புன்கோவ் என்ற அப்பாவிக் குடும்பஸ்தன் கப்பலில் வெளிநாட்டுச் சுற்றுலா போகிறான். இஸ்தான்புல் தெருவில் வழுக்கி விழும்போது வாயில் வந்த ஒரு வசவைக் கடத்தல்காரர்கள் தங்கள் அடையாளச் சொல் என்று எடுத்துக்கொண்டு, அவன் கையில் மாவுக்கட்டுப் போட்டு அதற்குள் வைரமும் தங்கமும் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஊர் திரும்பிய பிறகு கட்டைக் கழற்றப் பார்க்கும் கும்பல் ஒரு பக்கம், அவனையே தூண்டிலாக வைத்துக் காத்திருக்கும் போலீஸ் இன்னொரு பக்கம். பாதிப் படத்தில்தான் எனக்கு உறைத்தது. இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறேனே! அந்தத் துறவியேதான்.

படத்தில் ஒரு காட்சியை மட்டும் தனியாகப் பத்து முறையாவது பார்த்திருப்பேன். உணவகத்தில் குடித்துவிட்டு கோர்புன்கோவ் மேடை ஏறிப் பாடுகிறான். நிகூலினே தன் குரலில் பாடியது. நடுராத்திரிக் காட்டில் முயல்கள் பயந்து பயந்து மாயப்புல் அறுக்கின்றன, ஓநாயும் ஆந்தையும் வந்தால் வரட்டும், நமக்கு எல்லாம் ஒன்றுதான் என்று போகிற பாட்டு. மொழி தெரிய வேண்டியதே இல்லை. பயந்த சுபாவமுள்ள ஒருவன் அந்த ஒரு பாட்டு முடியும்வரை தைரியசாலியாகிவிடுவது அவன் கண்ணிலும் தோளிலும் தெரிகிறது. சோவியத் திரையரங்குகளில் மட்டும் 7 கோடிக்கு மேல் டிக்கெட் விற்ற படம் இது.

திரையில் ஓடும் வசன எழுத்து (சப்டைட்டில்) இல்லாமல் ரஷ்ய நகைச்சுவை எப்படிப் புரியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கைதாயின் வேடிக்கைகளில் பாதிக்கு மேல் உடம்பில்தான் இருக்கின்றன. விழுவது, ஓடுவது, கதவில் மாட்டிக்கொள்வது. சாப்ளினைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் சிரிப்பு வரும்.

இனிமேல்தான் என்னை உண்மையாகவே உலுக்கிய விஷயம். நிகூலின் 1939-ல் ராணுவத்துக்குப் போனவர். பின்லாந்துப் போர், அடுத்து ஜெர்மானியப் படையெடுப்பு என்று ஏறக்குறைய 7 வருடம் சிப்பாயாக இருந்துவிட்டு 1946-ல் திரும்பினார். நடிப்புப் படிக்கத் திரைப்படக் கல்லூரிக்குப் போனால் சேர்த்துக்கொள்ளவில்லை. மாஸ்கோ ஸ்வெத்னோய் சாலை சர்க்கஸில் கோமாளியாகப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பின்னாளில் அதே சர்க்கஸின் இயக்குநரானார், இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சரி, கைதாய்? அவரும் போர்முனையில் கண்ணிவெடியில் காலில் பலத்த காயம்பட்டவர். 'வைரக் கை'யில் கடத்தல்காரன் லியோலிக்காக வந்து நம்மைச் சிரிக்க வைக்கும் அனத்தோலி பப்பானவ் 1942-ல் படுகாயமடைந்து ஊன்றுகோலோடு ஊர் திரும்பியவர். நாடே கொண்டாடிய ஒரு நகைச்சுவைப் படத்தின் நடுவில் போரில் அடிபட்டுத் திரும்பிய இந்த மூன்று பேர் நிற்கிறார்கள். இது தெரிந்த பிறகு அந்த முயல் பாட்டு எனக்கு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்துவிட்டது. பப்பானவே 1964-ல் 'உயிருள்ளவர்களும் இறந்தவர்களும்' படத்தில் செர்ப்பீலின் என்ற தளபதியாக நடித்தார். குழந்தைகளுக்கான 'நு, பகதீ!' கார்ட்டூனில் முயலைத் துரத்தும் ஓநாயின் குரலும் அவருடையதுதான்.

இதனால்தான் போர்ப்படம் ஒரு அலமாரி, நகைச்சுவை ஒரு அலமாரி என்று பிரித்து அடுக்கும் பழக்கம் ரஷ்ய சினிமாவுக்குப் பொருந்தாது என்கிறேன்.

நிகூலின் நடித்த குடும்பக் கதை வேண்டுமென்றால் லெவ் குலிஜானவ் இயக்கிய 'மரங்கள் பெரிதாக இருந்தபோது'. மனைவியை இழந்து, குடித்துக்கொண்டு, கிடைத்த வேலையைச் செய்து திரியும் குஸ்மா. ஒரு கிழவிக்குச் சலவை இயந்திரம் தூக்கிப்போய் மாடிப்படியில் தவறவிட்டு ஆஸ்பத்திரியில் படுக்கிறான். பார்க்க வந்த கிழவியே தன் கிராமத்து அநாதைப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறாள். இவன் அந்தப் பெண்ணிடம் போய், நான்தான் உன் அப்பா என்கிறான். அவளும் நம்பிவிடுகிறாள். பொய் சொல்லி ஒட்டிக்கொள்ள வந்தவன், அவ்வளவு பாசத்தை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறுவதைப் பாருங்கள். முடிவை நான் சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கூடத்துக் கொடுமை பற்றி 1984-ல் ரொலான் பிக்கோவ் எடுத்த 'சோளக்கொல்லைப் பொம்மை'யில் நிகூலின் ஒட்டுப்போட்ட கோட்டு அணிந்த தாத்தா. வகுப்பே சேர்ந்து ஒரு சிறுமியைத் துரத்துகிறது, அவள் உடையை ஒரு பொம்மைக்கு மாட்டிக் கொளுத்துகிறது. வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள், அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது அலெக்சேய் கெர்மானின் 'போரில்லாத இருபது நாட்கள்', 1976. போர் நிருபர் லப்பாத்தின் (நிகூலின்), ஸ்தாலின்கிராத் போர்முனையிலிருந்து இருபது நாள் விடுப்பில் தாஷ்கெண்ட் போகிறான். ரயிலில் ஒரு விமானப்படை அதிகாரி, மனைவி தனக்குச் செய்த துரோகத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறான். கேமரா அவன் முகத்தை விட்டு நகராமல் நிமிடக்கணக்கில் நிற்கிறது. லப்பாத்தின் கேட்டுக்கொண்டு இருக்கிறான், அவ்வளவுதான். அப்படிக் கேட்க எத்தனை நடிகர்களுக்குத் தெரியும்? ஊரில் அவன் சந்திக்கும் பெண்ணாக லுத்மீலா குர்ச்சென்கோ. 1956-ல் 'திருவிழா இரவு' என்ற புத்தாண்டுப் பாட்டுப் படத்தில் ஆடிப்பாடி நாட்டையே மயக்கிய அதே பெண். கோமாளியும் பாட்டுக்காரியும் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பனி படிந்த ஊரில் சில நாள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார்கள். சத்தமாக எதுவும் நடப்பதில்லை. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

மாஸ்ஃபிலிம் என்ற ரஷ்யப் படத் தயாரிப்பு நிறுவனமே தன் பழைய படங்களை யூடியூபில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. பலவற்றுக்கு ஆங்கில வசன எழுத்தும் உண்டு. 'வைரக் கை'யில் தொடங்குங்கள். 'ருப்லேவ்' எங்கும் ஓடிவிடாது.

நிகூலின் போலீஸ் நாய்ப் பயிற்சியாளராக வரும் 'இங்கே வா, முக்தார்' மட்டும் எனக்கு இன்னும் பாக்கி. நாய் படம் என்பதால் மனம் தாங்குமா என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடப் போகிறேன். ஏற்கெனவே பார்த்தவர்கள் யாராவது இருந்தால், நாய்க்கு என்ன ஆகிறது என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.