உப்புசத்துக்கும் ‘நச்சு’க்கும் சம்பந்தமில்லை

“சைவத்துக்கு மாறியதும் வயிறு உப்பினால் பயப்படாதீர்கள், இத்தனை வருடம் தேங்கிய கறி நச்சு வெளியேறுகிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பயப்பட வேண்டாம் என்பது பெரும்பாலும் சரி. காரணம்தான் தவறு. கறி குடலில் வருடக்கணக்கில் தங்காது. சாப்பிட்டது சில நாட்களில் வெளியே போய்விடும்.

உண்மையில் நடப்பது வேறு. கறி, மீன், முட்டையில் நார்ச்சத்தே கிடையாது. வேகவைத்த ஒரு கப் கொண்டைக்கடலையிலோ சுமார் 12 கிராம் இருக்கிறது. கூடவே பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. இவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கின்றன, வாயு உண்டாகிறது. அவ்வளவுதான்.

பயறை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேகவையுங்கள். அளவை வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் நிறையக் குடியுங்கள். கறிக்குப் பதிலாகத் திடீரென்று பால் அதிகம் குடிப்பவர்களுக்கு பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காததும் காரணமாக இருக்கலாம். தயிருக்கு மாறிப் பாருங்கள்.

இந்த நச்சுக் கதை எனக்கு எரிச்சலூட்டக் காரணம் இருக்கிறது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இதையெல்லாம்கூட ‘உடம்பு சுத்தமாகிறது’ என்று சிலர் விட்டுவிடுவார்கள். அப்படி ஏதாவது இருந்தால் சீரகத் தண்ணீரோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.