ஒரு கேட்வே முகவரியை எந்தக் கோப்பில்தான் எழுதுவது?

நேற்று ராத்திரியும் அதே கதை. சர்வரை ரீபூட் செய்தேன், 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்று நின்றுவிட்டது. கேபிள் சரி. கார்டில் விளக்கு எரிகிறது. ஐபி முகவரி இருக்கிறது. பக்கத்து மெஷினுக்கு பிங் போகிறது. வெளியே மட்டும் போகவில்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பார்த்தால், டீஃபால்ட் ரூட்டே இல்லை! அதாவது, வெளியே போக எந்த கேட்வே (வாசல் மெஷின்) வழியாகப் போவது என்ற குறிப்பே இல்லை. யாரோ 'ஐபி ரூட் ஆட்' என்ற கட்டளையால் அதைக் கையால் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் உட்கருவின், நினைவில் மட்டும்தானே இருக்கும்? ரீபூட் ஆனால் போச்சு. கோப்பில் ஒரு வரி எழுத என்ன கேடு?

சரி, நானே எழுதலாம் என்றால் எந்தக் கோப்பில்? இயங்குதளத்துக்கு ஒரு கோப்பு. ஃப்ரீபிஎஸ்டி என்றால் ஆர்சி.கான்ஃப். ஓபன்பிஎஸ்டி என்றால் மைகேட். டெபியனில் இன்டர்ஃபேசஸ். உபுண்டுவில் 2017இலிருந்து நெட்பிளான். அதில் இடைவெளி பிசகினால் மொத்தக் கோப்பையும் ஏற்காது. கேட்வே4 என்று எழுதிக் கை பழகியதும், அது வேண்டாம், ரூட்ஸ் என்று எழுது என்கிறது. எத்தனை முறைதான் புதிதாகப் படிப்பது?

ஈத்0 என்று சுருக்கமாக இருந்த நெட்வொர்க் கார்டின் பெயர் இப்போது இஎன்பி3எஸ்0. கார்டை வேறு ஸ்லாட்டில் செருகினால் அதுவும் மாறும். அப்புறம் கார்டின் நிலையைப் பார்க்க ஐஎஃப்கான்ஃபிக் அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. அந்தக் கட்டளை அடங்கிய நெட்-டூல்ஸ் தொகுப்பை நிறுவ வேண்டுமாம். நெட்டே வராத மெஷினில் எங்கிருந்து இறக்குவது?