பைக்கின் முன் பிரேக் கடகடத்தால் டிஸ்க்கில் எண்ணெய் விடலாமா?

"முன் பிரேக் கடகடத்தால் டிஸ்க்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், சத்தம் நின்றுவிடும்" என்றொரு யோசனை சுற்றுகிறது. தவறு மட்டுமல்ல, ஆபத்து. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும் அதை இரு பக்கமும் அழுத்தும் பேடும் உரசித்தான் வண்டியே நிற்கிறது. எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது பிரேக் லீவரை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் அடங்கினால், பெரும்பாலும் காலிப்பருக்குள் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) பேடுகள்தான் ஆடுகின்றன. அவற்றை அழுத்திப் பிடிக்கும் மெல்லிய தகட்டு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்; பேடு மாற்றியவர் அதைத் திரும்பப் போடவே மறந்திருக்கலாம் (நடக்காத கதையல்ல). பேடைத் தாங்கும் கம்பி (பின்) தேய்ந்து பள்ளம் விழுந்தாலும் இதே சத்தம்தான். காலிப்பர் நகரும் பின்களில் மட்டும் பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் பூசலாம். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்ப வைத்துவிடும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் 'டக்' என்று ஒரு அடி கேட்டால், ஹேண்டில் கழுத்து பேரிங்கையும் காலிப்பர் போல்ட்டுகளையும் பாருங்கள். மிதக்கும் வகை டிஸ்க்கில் (வெளி வளையம் நடுப்பகுதியோடு சற்று அசையும்படி பொருத்தியது) சிறு ஆட்டம் இயல்பு.

பேடைக் கழற்றி மாட்டியபின், லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்திவிட்டே வண்டியை எடுங்கள்.