திரை வந்துவிட்டது, மைக் எங்கே?

இந்த வருஷம் என் வாயில் அதிகம் வந்த வார்த்தை எது என்று யாராவது கேட்டால் கூசாமல் சொல்வேன்: "ஹலோ, கேக்குதா?" கால் சென்டரில் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன்.

விஷயம் இதுதான். மலைமேல் ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்கே இயற்பியல் பணியிடம் காலி. ஆள் வரும்வரை அடிவாரத்தில் இருக்கும் நான் வீடியோ காலில் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டுமாம். எழுத்தில் உத்தரவு எதுவும் கிடையாது, வாய்வார்த்தைதான். என் முன்னால் என் வகுப்பு, திரையில் அவர்கள் வகுப்பு. மலையும் சமவெளியும் கைகோத்துப் படிக்கப்போகிறது என்று கூட்டத்தில் ஒருவர் பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள்.

கைகோக்கிறது இருக்கட்டும். முதலில் காது கேட்கட்டும்.

அந்தப் பள்ளியில் சுவரில் மாட்டியிருக்கும் திரையைப் பார்க்க வேண்டுமே! ஆள் அகலம். தொட்டால் எழுதும், விரித்தால் பெரிதாகும். சரி, மைக் எங்கே? மேஜைமேல் இருக்கிற லேப்டாப்பின் ஓரத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறதே, அதுதான் மைக். முழங்கை தூரத்தில் தனியாக உட்கார்ந்து பேசுகிற ஒருவருக்காகச் செய்த சாமான் அது. அதை வைத்து ஒரு வகுப்பையே கேட்கச் சொல்கிறார்கள். வெறும் சிமென்ட் சுவர், திறந்த ஜன்னல், தலைக்குமேல் கடகடவென்று நாலு ஃபேன்.

ஒலிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருக்கும் என்று பிள்ளைகளுக்கு நடத்துகிறவள் நான். அதாவது தூரம் இரண்டு மடங்கானால் ஒலி நாலில் ஒரு பங்காகிவிடும். அரை மீட்டரில் இருந்து பேசுகிறவன் குரலும் 5 மீட்டரில் இருந்து பேசுகிறவள் குரலும் ஒன்றாகுமா? கடைசி பெஞ்சிலிருந்து நேராக வருகிற ஒலி அதில் நூறில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் சுவரில் மோதி, கூரையில் மோதி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வருகிற எதிரொலி. என் காதுக்கு வந்து சேரும்போது அது தமிழா, தெலுங்கா, இடிச்சத்தமா என்றே தெரியாது.

இதனால் என்ன நடக்கிறது தெரியுமா? சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் பிள்ளை எழுந்து, வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, முன்னால் நடந்துவந்து, லேப்டாப் முன் குனிந்து, கத்திக் கேட்க வேண்டும். பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள். யார் வருவார்கள்? முதல் பெஞ்ச் பையன் ஒருவன் வருவான், அவனுக்கு எப்படியும் புரிந்துவிடும். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு பெண் இருக்கிறாள். ஒருநாள் மின்தேக்கி கணக்கு போய்க்கொண்டிருந்தது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்துப் பெண்ணின் நோட்டை. அப்புறம் மறுபடி திரையை. உதடு லேசாக அசைந்தது. நேரில் என்றால் நான் அந்த பெஞ்சுக்குப் போய் நின்றிருப்பேன், "எங்கம்மா விட்டுப்போச்சு, காட்டு" என்று கேட்டிருப்பேன். இங்கிருந்து "அந்த மூணாவது பெஞ்ச் பாப்பா, என்னம்மா?" என்றேன். அறை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், அன்றைக்கு அவளுக்கு இயற்பியல் முடிந்தது.

நாற்பது பிள்ளைகள் ஒன்றாகப் பதில் சொல்வது நம் ஊர் வகுப்பின் பழக்கம். "இது நேர்மின்னூட்டமா, எதிர்மின்னூட்டமா?" என்று கேட்டால் மொத்தமாகக் குரல் வரும். அந்தக் குரலில் எத்தனை பேர் உறுதியாகச் சொன்னார்கள், எத்தனை பேர் வாயசைத்தார்கள் என்று எந்த வாத்தியாருக்கும் காதாலேயே தெரியும். வீடியோ காலில் என் பக்கம் பிள்ளைகள் கத்தும்போது அந்தப் பக்கம் பிள்ளைகளும் கத்துவார்கள். எதிரொலியை வெட்டுகிறேன் பேர்வழி என்று மென்பொருள் ஒரு பக்கத்தை அப்படியே அமுக்கிவிடும். எனக்குக் கிடைப்பது "க்ர்ர்" என்று ஒரு சத்தம். அதைப் பார்த்து நான் "வெரி குட்" சொல்ல வேண்டும்.

இசைக்கவை, அதாவது தட்டினால் ரீங்கரிக்கிற டியூனிங் ஃபோர்க், அதன் கதை இன்னும் மோசம். பிளஸ் ஒன்னுக்கு அலைகள் பாடம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரீங்காரம் ஜம்மென்று கேட்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "டீச்சர், அடிச்சீங்களா?"

அடித்தேன் தாயே, அடித்தேன். ஒரே சீராக வருகிற சத்தமென்றால் ஃபேன் சத்தம் என்று முடிவுகட்டி அழித்துவிடுகிற புத்திசாலி மென்பொருள் அது. ஒலியியல் பாடத்தில் ஒலியையே இரைச்சல் என்று தூக்கிப்போட்டுவிட்டது. அந்த வடிகட்டலை நிறுத்த சில செயலிகளில் வழி இருக்கிறது. நிறுத்தினால் இசைக்கவைச் சத்தம் அந்தப் பக்கம் போகும், கூடவே என் வகுப்பு ஃபேன்கள், வெளியே பி.டி. பீரியடு, ரோட்டில் பழைய இரும்புக்காரர் எல்லாரும் போவார்கள்.

இதில் ஒரு புண்ணியவான் நன்றாகத் தெரியட்டும் என்று தன் போனிலும் அதே வீடியோ காலில் சேர்ந்துகொள்வான். ஒரே அறையில் இரண்டு கருவி. ஒன்றின் ஸ்பீக்கர் சத்தத்தை இன்னொன்றின் மைக் வாங்கி, அதை இது வாங்கி, ஊளை கிளம்பும். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிற அண்ணனிடம் போய்க் கேளுங்கள், ஸ்பீக்கருக்கு எதிரே மைக்கைத் திருப்பக்கூடாது என்று ஒரு நொடியில் சொல்வார். திட்டம் போடுகிற இடத்தில் அவரை ஒரு நாள் உட்கார வைத்திருந்தால் போதும்.

தாமதமும் சேர்ந்துகொள்ளும். குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச்சேர 150 மில்லிசெகண்டுக்குள் ஆனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறை வைத்திருக்கிறது. மலைமேல் மழை பெய்கிற நாளில் மில்லிசெகண்டா? நான் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, பதில் இல்லையே என்று அடுத்த வரிக்குப் போனபிறகு "புரியல டீச்சர்" வந்து சேரும். எது புரியவில்லை? முந்தின வரியா, இந்த வரியா?

சரி, இதற்கெல்லாம் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். பேச்சு மட்டும் போக நொடிக்கு 100 கிலோபிட்கூட வேண்டாம். படத்துக்குத்தான் அதைப்போலப் பல மடங்கு. நெட் தள்ளாடும்போது அந்தப் பக்கத்துக் கேமராவை அணைத்துவிட்டால் குரலாவது ஒழுங்காக வரும். ஆனால் அணைக்கக்கூடாதாம். ஏன்? பிள்ளைகள் முகத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். பீரியடு தொடங்கியதும் ஒன்று, முடியும்போது ஒன்று. எல்லாப் பிள்ளையும் கையை ஆட்ட வேண்டும். குரல் விட்டுவிட்டு வந்தால் யாரும் கேட்பதில்லை, போட்டோ வராவிட்டால் பத்து நிமிஷத்தில் போன் வருகிறது. பாடம் கேட்டதா என்று ஒருவராவது ஒருநாளாவது கேட்டிருக்கிறார்களா? "மேடம், இன்னிக்கு ஃபோட்டோல பசங்க கொஞ்சம் கம்மியா தெரியுறாங்களே?" இதுதான் விசாரணை. அட, கேமரா முதல் இரண்டு பெஞ்சைத்தாண்டிப் பார்க்காது சார், நான் என்ன செய்ய?

அதுபோக வீடியோ கால் செயலியில் எங்களுக்கு இருப்பது இலவசக் கணக்கு. 40 நிமிஷம் ஆனதும் வெளியே தள்ளிவிடும். ஹலோ சொல்லி, பாஸ்வேர்டு தெரிந்த வகுப்புத் தலைவனை சத்துணவுக் கூடத்திலிருந்து கூட்டிவந்து, ஹெச்.எம். அறையில் பூட்டிக் கிடக்கும் ரவுட்டரை ஆன் செய்து முடிக்கவே அதில் பாதி போய்விடுகிறது. காசு கட்டிய கணக்கு கேட்டால் நிதி இல்லை. திரைக்கு மட்டும் நிதி எங்கிருந்து வந்தது?

இதெல்லாம் ஏதோ நேற்று கண்டுபிடித்த அதிசயம் மாதிரி பேசுகிறார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம் நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை வைத்து ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி வழியாகப் பாடம் காட்டியிருக்கிறது இந்த நாடு. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நிகழ்ச்சி. 2004-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எடுசாட் என்று ஒரு செயற்கைக்கோளை அனுப்பினோம். 2019-ல் நம் மாநிலத்தில் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. காட்டுவதில் நமக்குக் குறையே இல்லை, ஐம்பது வருஷமாகக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளை திருப்பிக் கேட்கலாம் என்பதற்காகத்தானே வீடியோ கால்? அந்தத் திரும்பி வருகிற வழியை அடைத்துவிட்டால் இதுவும் இன்னொரு டிவி. டிவியாவது கரகரவென்று இல்லாமல் பேசும்.

ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு ஊர். அதைச் சுற்றிப் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தள்ளிப் பண்ணை வீடுகள். அந்தப் பிள்ளைகளுக்காக 1951-ல் வானொலியில் பள்ளி நடத்த ஆரம்பித்தார்கள். விமானத்தில் பறந்துபோய் வைத்தியம் பார்க்கிற மருத்துவர்களுக்காக இருந்த அதே இருவழி வானொலி. முதலில் ஆசிரியர் மட்டும் பேசுவதாகத்தான் இருந்தது. சீக்கிரமே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி பதிலுக்கு நேரம் வைத்துவிட்டார்கள். பிள்ளை பேசும், ஆசிரியர் கேட்பார். படமும் கிடையாது, முகமும் கிடையாது. ஆனால் வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மாவோ வேறொரு பெரியவரோ உட்கார்ந்து பாடத்தைக் கவனித்துக்கொண்டார்கள். எழுபது வருஷத்துக்கு முன்னால் கரகர வானொலியில் அவர்களுக்குத் தெரிந்த இந்த இரண்டு சங்கதி, தொடுதிரை வாங்கிய நமக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் ஆள் என்றதும் ஞாபகம் வருகிறது. செய்முறைத் தேர்வு 20 மதிப்பெண். நிறமாலைமானி என்று ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கிற கருவி. அதன் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, குறுக்குக் கம்பியை நிறமாலைக் கோட்டில் பொருத்தி, வெர்னியர் என்கிற நுண்ணிய அளவுகோலில் அளவீடு எடுக்க வேண்டும். அதை நான் எந்தக் கேமராவில் காட்டுவது? பிள்ளை கண்ணை வைத்தால்தான் அவளுக்குத் தெரியும், நான் கண்ணை வைத்தால் எனக்குத் தெரியும். அந்தப் பள்ளி ஆய்வகத்தில் கருவி இருக்கிறது, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. வீடியோ கால் ஓடும்போது அந்தப் பக்கம் நிற்பவர் தமிழ் ஐயா. நல்ல மனுஷர், பாவம், அவருக்கும் அதே நேரத்தில் பத்தாம் வகுப்பு இருக்கிறது. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துக்கொண்டு ஓடுகிறார்.

வீடியோ காலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆள் வரும்வரை எடுக்கத்தான் வேண்டும், எடுக்கிறேன். என் கேள்வியெல்லாம், இதைக் காட்டியே பணியிடத்தை ஆறப்போடுவது என்ன நியாயம்? "அதான் ஆன்லைன்ல போகுதே மேடம்" என்கிறார் ஒருவர். போவது எனக்குத் தெரியும் ஐயா, போய்ச்சேர்வதில்லை என்பதுதான் பேச்சு.

கையில் பிடிக்கிற ஒயர்லெஸ் மைக் இரண்டு கேட்டிருக்கிறேன். பெஞ்சு பெஞ்சாகக் கைமாற்றினால் அந்த மூன்றாவது வரிசைப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்பாள். சுவரில் மாட்டிய அந்தத் திரையின் விலையில் இது எந்த மூலைக்கு? கடிதம் கொடுத்தாகிவிட்டது, நினைவூட்டலும் கொடுத்தாகிவிட்டது. பரிசீலனையில் இருக்கிறதாம்.

பதில் வராமல் இல்லை, நேற்று ஒன்று வந்தது. இந்த ஏற்பாடு மிகவும் வெற்றிகரமாக இருப்பதால் அடுத்த மாதத்திலிருந்து இன்னொரு மலைப் பள்ளியையும் என் வீடியோ காலில் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். வெற்றி என்பதற்கு ஆதாரமாக நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், எல்லாப் பிள்ளையும் கையை ஆட்டுகிறது. அந்தப் புதுப் பள்ளியிலும் திரை மாட்டியாகிவிட்டதாம். மைக் இருக்கிறதா என்று கேட்டேன். "லேப்டாப்லயே இருக்குமே மேடம்" என்றார்கள்.