சிசேரியன் எண்டால் பால் வராதா?

"சிசேரியன் எண்டால் மூண்டு நாளைக்குப் பால் வராது, அதுவரைக்கும் பால்மாதான்" எண்டு ஒரு அக்கா எழுதியிருக்கிறா. பாதிதான் சரி. பால் பெருகிக் கட்ட ரெண்டு, மூண்டு நாள் எடுக்கும், சிசேரியனில இன்னும் கொஞ்சம் பிந்தலாம். ஆனா சீம்பால் (முதல்ல வாற கெட்டிப் பால்) முதல் நாளே இருக்கு. தேக்கரண்டிக் கணக்குத்தான், பிறந்த பிள்ளையின்ர வயித்துக்கு அது காணும்.

திருகோணமலை உவர்மலையில இருக்கிற என்ர தங்கச்சிக்கும் சிசேரியன்தான். வாட்டு மிஸ் (நர்ஸ்), பிள்ளையின்ர கால் காயத்தில படாமல் கக்கத்துக்குக் கீழ அணைச்சுப் பிடிக்கக் காட்டினா. காம்பை மட்டுமில்லை, சுத்தியிருக்கிற கறுப்பு வட்டத்தையும் சேர்த்து வாய்க்குள்ள குடுக்கச் சொன்னா. ஆறேழு தரம் முயற்சி செய்துதான் பிடிபட்டது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1991 இல தொடங்கின குழந்தைநேய மருத்துவமனைத் திட்டம், பிறந்து 1 மணித்தியாலத்துக்குள்ள பால் குடுக்கத் தொடங்கச் சொல்லுது. தாய் தெளிவா இருந்தால் சிசேரியனுக்கும் அதேதான். பிள்ளைக்கு இரத்தத்தில சீனி குறைஞ்சாலோ வேற மருத்துவக் காரணம் இருந்தாலோ பால்மா தேவைப்படலாம், அதை டொக்டர் சொல்லட்டும். சும்மா போத்தலைக் குடுத்தால் பிள்ளை உறிஞ்சுறது குறையும், பால் சுரக்கிறதும் குறையும்.